பேய்க் குறும்படம் எடுக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டில் இறுதி புராஜெக்டாக எட்டு நிமிடப் பேய்ப்படம் ஒன்று எடுத்தேன். திருவையாறு பக்கம் எங்கள் அப்பாயி வாழ்ந்த ஓட்டு வீடுதான் லொகேஷன். ஆறு பேர், ஒரு பகல், மூன்று இரவு. எடிட்டிங்குக்கு மட்டும் ஐந்து வாரம் பிடித்தது. அதற்கப்புறம் வருடா வருடம் ஜூனியர்கள் போன் செய்து கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பதில்களில் அடிக்கடி வரும். பாட்டி இறந்து ஒரு வருடம் கழித்து, வீட்டைக் காலி செய்யப் பேரன் வருகிறான். வந்த மதியம் கொல்லைக் கிணற்றில் இரண்டு வாளி இறைத்துக் கால் கழுவுகிறான். கப்பி கிறீச்சிடுகிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை கிணற்றைக் கம்பி மூடியால் மூடிப் பூட்டி, கயிற்றையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போகிறார். ராத்திரி யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

புதுசாக ஒரு பேய்க் கதையும் தோன்ற மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

இடத்திலிருந்து தொடங்குங்கள். காசில்லாமல் கிடைக்கிற, ராத்திரி முழுக்க இருக்க முடிகிற, விளக்கில்லாமலும் நடக்கத் தெரிந்த இடம் உங்களுக்கு எது? பாட்டி வீடு, மாமாவின் அரிசி மில், ஹாஸ்டல் மொட்டைமாடி, லீவில் காலியாகக் கிடக்கும் டியூஷன் சென்டர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து நடுராத்திரி வரை சும்மா உட்கார்ந்திருங்கள். எந்தக் கதவு காற்றே இல்லாமல் அசைகிறது, எந்த மூலைக்கு வெளிச்சம் எட்டவில்லை, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். எங்களுக்குக் கப்பி கிடைத்தது அப்படித்தான்.

ஸ்வீடனில் டேவிட் சாண்ட்பெர்க் தன் மனைவி லோட்டா லோஸ்டனை நடிக்கவைத்து வீட்டுக்குள்ளேயே எடுத்த 'லைட்ஸ் அவுட்' (2013) மூன்று நிமிடம்கூட ஓடாது. விளக்கை அணைத்தால் ஓர் உருவம் தெரிகிறது, போட்டால் இல்லை. அதில் இருப்பது ஒரு சுவிட்ச், ஒரு நடைவழி, ஒரு படுக்கை. 2016-இல் அதே கருவை வைத்து அவரே முழுநீளப் படமும் எடுத்தார். சுவிட்சைப் போட்டு அணைக்கும் பழக்கம் பார்க்கிற எல்லோருக்கும் இருப்பதால்தான் அந்தப் படம் வேலை செய்கிறது.

நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்: பகலில் பழக்கமாகாத எதுவும் ராத்திரியில் பயமுறுத்தாது. மதியம் கப்பிச் சத்தத்தைக் கேட்டவருக்குத்தான் நடுராத்திரி அதே சத்தம் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். பயம் வரும் காட்சியை யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது, அதற்கு முன்னால் வருகிற சாதாரணக் காட்சிக்குக் கொடுங்கள்.

எத்தனை நிமிடம் இருக்கலாம்?

ஆஸ்கர் விதிப்படி டைட்டில் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான். அதைக் கணக்கில் வைக்காதீர்கள். முதல் படத்துக்கு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் போதும். ஒரு வீடு, ஒரு ராத்திரி, இரண்டு நடிகர்கள். அதற்கு மேல் போனால் ஷூட்டிங்கை உங்களால் கட்டி மேய்க்க முடியாது.

வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், மல்லிகைப்பூ, கொலுசு எல்லாம் வைக்கலாமா?

கொலுசு நல்ல சத்தம், அதை எங்கிருந்து வரவைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. வெள்ளைப் புடவையை விட்டுவிடுங்கள். அதைப் பார்த்ததும் மனசு, 'சரி, பேய் வந்துவிட்டது' என்று தீர்மானித்து நிம்மதியாகிவிடுகிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மனநலம் பாதித்தவர்களைப் பயமுறுத்தும் பொருளாகக் காட்டாதீர்கள். சங்கிலியில் கட்டிய ஆள், தலையை ஆட்டிச் சிரிக்கும் பெண் என்று மாணவர் படங்களில் இன்னும் பார்க்கிறேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அது நடந்த மண்ணில் படம் எடுக்கிறோம். அந்தச் சங்கிலியைத் திகிலுக்கு ஒரு பொருளாக எடுக்க எனக்குக் கை வராது. உங்களுக்கும் வரக்கூடாது என்று நினைக்கிறேன்.

என்னிடம் போன் கேமராதான் இருக்கிறது. போதுமா?

போதும். ஆனால் எதையும் ஆட்டோவில் விடாதீர்கள். பிளாக்மேஜிக் கேமரா, ஓபன் கேமரா போன்ற இலவச ஆப்களில் எல்லாவற்றையும் கையால் செட் செய்யலாம். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட், மலிவான எல்இடி பல்பு எல்லாம் நொடிக்கு 100 தடவை மினுக்கும். அதோடு ஒத்துவராத ஷட்டர் வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் ஷாட் தொடங்கும் முன்பே லாக் செய்யுங்கள். முதல் ராத்திரி நாங்கள் எக்ஸ்போஷரை லாக் செய்யாமல் எடுத்தோம். பேரன் லாந்தரோடு கேமரா பக்கம் திரும்பும் போதெல்லாம் சுவர் இருண்டு, அவன் விலகினதும் மறுபடி வெளுத்தது. அந்த ராத்திரி எடுத்ததில் மூன்று ஷாட்தான் தேறியது.

போனின் சொந்த கேமரா ஆப் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைக்காது. தனியாக எடுத்த சத்தத்தோடு சேர்க்கும்போது, ஷாட் போகப் போக உதடும் குரலும் விலகிக்கொண்டே போகும். அப்படி ஆகிவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கில் போடுங்கள்.

ராத்திரிக் காட்சி எடுத்தால் ஒரே புள்ளி புள்ளியாக வருகிறது. இருட்டை எப்படித்தான் எடுப்பது?

விளக்கே இல்லாமல் எடுத்து ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) ஏற்றினால் புள்ளிதான் வரும். சினிமா இருட்டுக்கு வெளிச்சம் வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து, ஒரு காரணத்தோடு வரும் வெளிச்சம். காட்சிக்குள் அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்: ஜன்னல் வழி தெருவிளக்கா, லாந்தரா, கையில் இருக்கும் போன் டார்ச்சா? கார்த்திக் சுப்பராஜின் முதல் முழுநீளப் படமான 'பீட்சா'வில் (2012) பங்களாவுக்குள் நடக்கும் பகுதியைப் பாருங்கள். டார்ச் எங்கே போகிறதோ அங்கேதான் நம் கண்ணும் போகிறது. மற்ற இடமெல்லாம் நம் கற்பனைக்கு விடப்பட்டிருக்கிறது.

நாங்கள் பயன்படுத்தியது இவ்வளவுதான்: ஜன்னலுக்கு வெளியே ஒரு எல்இடி பல்பு, அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளி மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டர் பேப்பர், உள்ளே முகத்துக்கு லேசாகத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் பலகை. சுவரில் வெளிச்சம் படக்கூடாத இடத்தை மறைக்கக் கறுப்புப் போர்வை. எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு, எந்த விளக்கைப் போட்டாலும் அறை முழுக்கத் தெறித்தது. போர்வை கட்டிய பிறகுதான் இருட்டு இருட்டாக நின்றது. நடிகரை எப்போதும் சுவரிலிருந்து நான்கைந்து அடியாவது தள்ளி நிறுத்துங்கள். பின்னால் ஆழம் இருந்தால்தான் அதில் ஏதோ நிற்கிறது என்று தோன்றும்.

வெளிக்காட்சிக்கு மிக நல்ல நேரம் சூரியன் மறைந்த பிறகு வரும் இருபது நிமிடம். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், மரங்கள் கறுத்திருக்கும். நம் ஊரில் அது சீக்கிரம் ஓடிவிடும், அதனால் நாலரைக்கே ஒத்திகை பார்த்துவிட்டுத் தயாராக நில்லுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பகலை ராத்திரியாக மாற்றலாம். மேகமூட்டமான நாளில் வானம் ஃபிரேமில் வராதபடி, வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்து, எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள். நிழல் விழுகிற வெயிலில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள், பார்த்ததும் தெரிந்துவிடும்.

சத்தத்தை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்தானே?

வசனத்தை வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். வீட்டின் சத்தத்தை எந்த ஸ்டுடியோவிலும் செய்ய முடியாது. பேய்ப்படத்தில் பாதி வேலை காதுக்குத்தான். ஷூட்டிங்கில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் அதை மைக்குக்குச் செலவழியுங்கள்.

ஒரு சாதாரண காலர் மைக்கை இன்னொரு போனில் செருகி, நடிகரின் சட்டைக்குள் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டுங்கள். பதிவு 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். சத்த அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள், கத்தும் காட்சிக்கு இன்னும் குறையுங்கள். பிறகு படத்தையும் சத்தத்தையும் பொருத்த, கிளாப் போர்டு இல்லாவிட்டால் கேமரா முன்னால் கையைத் தட்டினால் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்க்கும், பரவாயில்லை. ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தினதும் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவி தேடி அங்கே போவீர்கள், மறக்காமல் மறுபடி போட்டுவிடுவீர்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டு அம்மாவின் மாவு புளித்துவிடும், அடுத்த முறை வீடு கிடைக்காது.

ஒவ்வொரு இடத்திலும் ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். கிராமத்து ராத்திரியில் அமைதி என்பதே கிடையாது. சில்வண்டு, தவளை, தூரத்து மோட்டார் பம்ப், எங்கோ ஒரு நாய். ஷாட்டுக்கு ஷாட் வெட்டும்போது சில்வண்டு சத்தம் திடீரென்று நின்று திடீரென்று வரும். அந்த ஒரு நிமிடப் பதிவை அடியில் பரப்பினால்தான் எல்லா ஷாட்டும் ஒரே ராத்திரியாக ஒட்டும்.

அப்புறம், கதைக்கு முக்கியமான சத்தத்தை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள். கப்பியை நாங்கள் முதல் நாள் மதியமே இருபது விதமாகப் பதிவு செய்தோம்: மெதுவாக, வேகமாக, காலி வாளியோடு, நிறைந்த வாளியோடு, கிணற்றடியிலிருந்து, கூடத்திலிருந்து, கதவை மூடிக்கொண்டு. இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கப்பி சத்தமே போடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா, 'பிள்ளைங்க பாவம், கிறீச்சு கிறீச்சுன்னு கஷ்டப்படுதுங்க' என்று விடியற்காலையில் வந்து தேங்காயெண்ணெய் விட்டிருந்தார். அவரைக் கும்பிட்டுவிட்டு, முதல் நாள் பதிவை வைத்தே படத்தை முடித்தோம்.

இணையத்தில் இறக்கும் ஓநாய் ஊளையும் தேவாலய மணியும் நம் கொல்லைப்புறத்துக்கு ஒட்டாது. ஊஞ்சல் சங்கிலி, அம்மிக்கல், ஓட்டின் மேல் நடக்கும் பூனை, நாதாங்கி, பல்லி இவை போதும். ஒரு முடிவெடுத்து வாயைத் திறக்கும்போது பல்லி கத்தினால் வீட்டில் பெரியவர்கள் ஒரு நொடி நிற்பார்களே, அந்த ஒரு நொடி நம் பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும்.

நண்பர்களே நடிக்கிறார்கள். பயந்த மாதிரி நடிக்க வரவில்லை.

பயப்படச் சொல்லாதீர்கள். கேட்கச் சொல்லுங்கள். 'அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடி' என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே வேறொரு அறையில் ஒருவர் டம்ளரைச் சுரண்டட்டும். முகம் தானாகச் சரியாகிவிடும். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து பாய்ந்து பயமுறுத்தி எடுக்காதீர்கள். ஒருவரின் இதயம் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, நம்பிக்கையும் போய்விடும். கிணறு, மொட்டைமாடிச் சுவர், தீ மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும் ஷாட்டுக்குத் தூங்காத ஓர் ஆள் கூடவே நிற்க வேண்டும்.

சுடுகாட்டில் எடுக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுங்கள், காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரயில்வே இடம், தொல்லியல் துறைக் கோயில், கோட்டை எல்லாம் தனி அனுமதி. என் யோசனை, சுடுகாட்டையே தவிர்த்துவிடுங்கள். போன வாரம் யாரையோ கொண்டுவந்து வைத்த குடும்பம் அந்த ஊரிலேயே இருக்கிறது. தனியார் வீடென்றாலும் அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நடுராத்திரி அலறல் கேட்டால் கம்போடு வந்துவிடுவார்கள்.

ரத்தம் எப்படிச் செய்வது?

சோளமாவுக் கஞ்சி, சிவப்பு ஃபுட் கலர், ஒரு ஸ்பூன் காபி டிகாக்ஷன். கேசரிப் பவுடர் போட்டால் கேமராவில் ஆரஞ்சாகத் தெரியும், டிகாக்ஷன்தான் அந்தக் கருமையைக் கொடுக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் பட்டால் போகாது.

ஷூட்டிங்கில் எதைத் தவறவிடுகிறோம்?

ஷாட்டின் முன்னும் பின்னும் ஐந்து நொடி. 'கட்' சொல்ல அவசரப்படாதீர்கள். நடிகர் ஃபிரேமை விட்டுப் போன பிறகும் காலி அறையை ஓடவிடுங்கள். எடிட்டிங்கில் நீங்கள் தேடப்போவது அந்தக் காலி அறையைத்தான். எங்கள் படத்தைப் பார்த்த எல்லோரும் குறிப்பிட்டுப் பேசும் ஷாட் ஒன்று, பேரன் போன பிறகு கொல்லைக் கதவு மட்டும் ஆறு நொடி தெரிவது. திட்டமிட்டதில்லை, கேமரா பிடித்த தோழி நிறுத்தாமல் விட்டது.

மெமரி கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். அந்த வேலை ஒருவருக்கு மட்டும்தான். இரண்டு பேர் பார்த்தால், மற்றவர் எடுத்திருப்பார் என்று இரண்டு பேரும் நினைப்பார்கள்.

எடிட்டிங் எந்த மென்பொருளில் செய்யலாம்?

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும், கலரும் சத்தமும் அதிலேயே முடியும். லேப்டாப் திணறினால் கேடென்லைவ் அல்லது ஷாட்கட். எதிலும் ப்ராக்ஸி (அசல் காட்சியின் லேசான நகல்) போட்டு வெட்டுங்கள்.

பயமுறுத்தும் இடத்தை எப்படி வெட்டுவது?

கப்பிக் காட்சியை நான் முதலில் ஒன்பது ஷாட்டாக வெட்டினேன். கப்பிச் சத்தம், திடுக்கிடும் கண், கை, கதவு, கிணறு, மறுபடி கண். வேகமாக இருந்தது, ஒரு பயமும் இல்லை. எல்லாம் அவனுக்கு நடந்துகொண்டிருந்தது, பார்க்கிறவருக்கு வேலையே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மூன்று ஷாட்டாக்கினேன். முதல் ஷாட், முற்றத்துத் தூணுக்கு அப்பால் பாயில் தூங்கும் பேரன், தூரத்தில். கப்பி ஒரே ஒரு தடவை கிறீச்சிடுகிறது. அவன் எழுந்திருக்கவில்லை. அப்படியே ஒன்பது நொடி. இப்போது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இரண்டாவது, அவன் முகம். மறுபடி கிறீச். கண் திறக்கிறது, உடம்பு அசையவில்லை. வாளி தண்ணீரில் விழும் சத்தம். பூட்டின மூடி பார்க்கிறவருக்கு ஞாபகம் வருவது இந்த இடத்தில்தான், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பதினான்கு நொடி வைத்தேன். மூன்றாவது, கொல்லைக் கதவின் நாதாங்கி. முதல் திரையிடலில் அந்தப் பதினான்கு நொடியில் யாரும் இருமக்கூட இல்லை.

திடுக்கிட வைப்பதும் அமைதியின் வேலைதான். 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் ராத்திரித் தெருவில் தனியாக நடக்கிறாள். பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் நடை வேகமாகிறது. எதுவோ பாயப்போகிறது என்று நாம் காத்திருக்கும் நொடியில் சீறிக்கொண்டு ஒரு பஸ் ஃபிரேமுக்குள் வந்து நிற்கிறது. வெறும் பஸ். தயாரிப்பாளர் வேல் லூட்டன் பேரில் அந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தச் சீறலுக்கு வேலை செய்து கொடுத்தது அதற்கு முன்னால் இருந்த மௌனம். ஒரு படத்தில் ஒரு தடவை செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பின்னணி இசைக்கு என்ன செய்வது?

பிரபலமான படத்தின் இசையை எடுத்துப் போட்டால் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரும், போட்டிகளிலும் ஏற்க மாட்டார்கள். யூடியூபின் சொந்த ஆடியோ லைப்ரரி இருக்கிறது. ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுத்தால் ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறு என்பதைப் பாருங்கள். சிலவற்றுக்குப் பெயர் போட்டால் போதும், சிலவற்றை வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. நாங்கள் இசையே போடவில்லை. கப்பிச் சத்தத்தை எட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு இழுத்தால் ஏதோ மூச்சுவிடுவது போலக் கேட்டது, அதைத்தான் படம் முழுக்க அடியில் வைத்தோம்.

ஆழமான உறுமல் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போன் ஸ்பீக்கரில் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. உங்கள் படத்தைப் பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்ப்பார்கள்.

கலர் செய்து ஏற்றினதும் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறதே?

மென்மையான இருட்டை யூடியூப் சுருக்கும்போது அப்படித்தான் ஆகும். மெல்லிய கிரெய்ன் (பழைய ஃபிலிமில் தெரிவது போன்ற நுண்புள்ளி) போடுங்கள். 1080 ரெசல்யூஷனில் எடுத்திருந்தாலும் 2160-க்குப் பெரிதாக்கி ஏற்றினால் சிதைவு குறையும். சத்தத்தை யூடியூப் மைனஸ் 14 லுஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு) அளவுக்குக் குறைக்கும். அதனால் படம் முழுக்கச் சத்தத்தைத் தூக்கி வைத்தால் அலறல் தனியாக எழும்பாது. ஏற்றும் முன் பகல் வெளிச்சத்தில் ஒரு சாதாரண போனில் பாருங்கள். முகம் தெரியாவிட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

முடித்த படத்தை முதலில் யாருக்குக் காட்டுவது?

கதை தெரியாத மூன்று பேருக்கு, ஒருவருக்குப் பின் ஒருவராக. திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் கையைப் பாருங்கள். கை எந்த நிமிடத்தில் போனைத் தேடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று நேரம் போட்டு எழுதுங்கள். எங்கள் படம் முதலில் பதினொரு நிமிடம். மூன்று பேரும் போனை எடுத்தது நான்காவது நிமிடத்தில், பேரன் பழைய போட்டோக்களைப் புரட்டும் இடத்தில். எனக்கு அது மிகவும் பிடித்த காட்சி, அப்பாயியின் நிஜப் போட்டோக்கள். அன்று ராத்திரி ஒரே ஒரு போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன். அவர் கிணற்றடியில் நிற்கும் போட்டோ.